எட்டடிப் பலகை

நீங்க ஜன்னல் பக்கம் நகர்ந்துக்கிறீங்களா தங்கச்சி? பஸ்ஸுல எனக்கு இந்த ஓரமே போதும். காத்து வேண்டாம்னு இல்ல. திண்டுக்கல் தாண்டிட்டா அங்கங்க தண்டவாளம் கண்ணுல படும். இன்னைக்கு அதைப் பார்க்க வேண்டாம்னு இருக்கு. மத்தபடி நான் பயந்த சுபாவம் எல்லாம் இல்ல. எங்க தெருவுல பாம்பு வந்தாலே என்னைத்தான் கூப்பிடுவாங்க.

போனைக் கையிலேயே வச்சிருக்கேன்னு பார்க்குறீங்க. வீட்டுல அவரை விட்டுட்டு வந்திருக்கேன், அதான். தனியா இல்ல, கூட எங்க தச்சு ஆசாரி இருக்காரு. நான் வர்ற வரைக்கும் எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னு சொல்லி, டிபன் எடுத்து வச்சு, வெத்தலை பாக்கும் வச்சுட்டுத்தான் கிளம்பினேன். எட்டு மாசத்துல இன்னைக்குத்தான் நான் திண்டுக்கல் எல்லையைத் தாண்டுறேன். நம்ப மாட்டீங்க. என் தங்கச்சி மக கல்யாணத்துக்குக்கூடப் போகலை.

மதுரைக்கு ப்ளைவுட் வாங்கப் போறேன். கட்டிலுக்கா? இல்லம்மா. பீரோவுக்கும் இல்ல. ரயில் ஓட்ட. சிரிக்காதீங்க. பொம்மை ரயில்தான். ஆனா அவருகிட்ட பொம்மைன்னு சொல்லிப் பாருங்க, மூஞ்சி அப்படியே மாறிரும்.

எங்க வீட்டுக்காரர் பேரு சூசைமாணிக்கம். ரயில் டிரைவரு. இப்ப லோகோ பைலட்டுன்னு சொல்லணுமாம். இருபத்தாறு வருஷ சர்வீஸு. கூட்ஸு, பாசஞ்சரு, அப்புறம் எக்ஸ்பிரஸு. ஒரு நாள் லேட்டா டூட்டிக்குப் போனதில்ல, ஒரு சொட்டு தொட்டதில்ல. பீடி சிகரெட்டு ஊதுறவரு இல்ல. ஞாயித்துக்கிழமை லீவா இருந்தா முதல் பூசைக்கே போயிருவாரு. அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் அது நடந்துச்சு.

போன வைகாசி. பகல் நேரம். ஒரு பம்ப்செட் ரூம் இருக்கும், அதுக்குப் பக்கத்துல ஒரு ஆளு சைக்கிளைத் தூக்கிக்கிட்டு ரயில் லயனைக் குறுக்கக் கடந்திருக்கான். சைக்கிள் எப்படியோ மாட்டிக்கிச்சு. விட்டுட்டு ஓடியிருக்கலாம் இல்ல? விடலைங்க அவன். இழுத்துக்கிட்டே நின்னிருக்கான். இவரும் ஹாரனை விடாம அடிச்சுக்கிட்டே பிரேக்கைப் போட்டிருக்காரு. வண்டி நிக்கலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல அவரு சொல்லலை, நானும் கேக்கலை. கேக்காம இருக்கிறதுதான் நல்லதுன்னு இருந்துட்டேன்.

விசாரணையில இவரு மேல ஒரு குத்தமும் இல்லைன்னுட்டாங்க. எழுதியே குடுத்தாங்க. அந்தக் காகிதத்தை நான் லேமினேஷன் பண்ணி வச்சிருக்கேன், எடுத்து எடுத்துக் காட்டுவேன். பாருங்க, உங்க மேல தப்பில்லைன்னு போட்டிருக்கு பாருங்கன்னு. அவரு பார்க்க மாட்டாரு. ஆனா நான் காட்டுறதை நிறுத்தலை.

அப்புறம் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரு, மாத்திரை, லீவு. பேச்சு நின்னுபோச்சு. பேச்சுன்னா நம்மகிட்ட பேசுறது மட்டும் இல்ல. டிரைவருங்க வண்டி ஓட்டும்போது சிக்னலை வாய்விட்டுச் சொல்லணும், தெரியுமா உங்களுக்கு? தூரத்துல முதல்ல வர்றது டிஸ்டன்ட் சிக்னலு, அடுத்தது ஹோம் சிக்னலு. இவரு கையை நீட்டி "டிஸ்டன்ட் கிரீன்"னு சொல்லணும், பக்கத்துல இருக்கிற அசிஸ்டென்ட்டும் பார்த்துட்டு "டிஸ்டன்ட் கிரீன்"னு திருப்பிச் சொல்லணும். ரெண்டு பேரும் தூங்காம இருக்காங்கன்னு ஒரு அத்தாட்சி. அந்தப் பழக்கம் இவருக்கு ரத்தத்துல ஊறிப்போச்சு. என்னைய ஸ்கூட்டருல வச்சுக் கூட்டிட்டுப் போகும்போதுகூட, சிக்னல் பச்சை விழுந்தா கையை நீட்டி "கிரீன்"னு கத்துவாரு. நான் வெக்கத்துல முந்தானையைப் போட்டு மூஞ்சியை மூடிக்குவேன். அந்தச் சத்தம் நின்னுபோச்சுங்க. அது இல்லாம வீடே செத்த வீடு மாதிரி இருந்துச்சு.

ஆவணி மாசம் ஒரு நாள் ஆளைக் காணோம். மத்தியானம் சாப்பாடு போட்டு வச்சுட்டுக் கூப்பிடுறேன், இல்ல. எனக்கு எப்படித் தெரிஞ்சுச்சோ, நேரா ஆட்டோ பிடிச்சு அந்த பம்ப்செட்டுக்குப் போனேன். அங்கதான் இருந்தாரு. லயனுக்கு ரொம்பப் பக்கத்துல. உக்காந்துக்கிட்டு, வண்டி வர்ற பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தாரு. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன். ஆட்டோவுல நான் அவரு சட்டையைப் பிடிச்ச பிடியை விடலை. அவரு என்னடான்னா, "இங்க இருந்து பார்த்தா வண்டி எவ்வளவு தூரத்துல தெரியுதுன்னு பார்த்தேன் பிலோ"ங்கிறாரு. என் பேரு பிலோமினா. எப்படி இருக்கும் சொல்லுங்க. அன்னைக்குப் பிடிச்ச பயம்தான், இன்னும் விடலை.

அந்தச் சமயத்துலதான் அவரு தங்கச்சி வந்தாங்க. ஜெர்மனியில கன்னியாஸ்திரியா இருக்காங்க. அண்ணனுக்குன்னு ஒரு குட்டி ரயில் செட்டு கொண்டு வந்தாங்க. இஞ்சின் என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெருசு. நெச ரயிலை நூத்தி அறுபதுல ஒரு பங்கா சுருக்கினதாம். டாக்டரும் நல்லதுதான், கைக்கு வேலை இருந்தா மனசு அலையாதுன்னுட்டாரு. இவரும் டப்பாவைத் திறந்து பார்த்தாரு. ரொம்ப நாளைக்கு அப்புறம் மூஞ்சியில ஒரு தெளிவு. மாதாவேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.

மறுநாளே காலண்டர் தாளை எல்லாம் கிழிச்சுப் பின்பக்கமா ஒட்டி, நீட்டமா ஒரு படம் போட்டாரு. "பிலோ, தரையில வச்சு ஓட்டக் கூடாது. சக்கரத்துல தூசி ஏறும், மேடு பள்ளம் இருக்கும். பலகை வேணும். ரெண்டடி அகலம், இருபதடி நீளம்"னாரு. இருபதடி! எங்க ஹாலே பதினாலு அடிதான். அடுப்படிக் கதவு வழியா விட்டுக்கலாம்னாரு. சரி, ஆசைப்படுறாரேன்னு அந்தப் படத்தைப் பிரிச்சுப் பார்த்தேன். ஒரு ஓரத்துல சிக்னலு. அப்புறம் வளைவு. அப்புறம் நேரா, நேரா, நேரா ஒரு கோடு. அந்தக் கோடு போய் முடியிற இடத்துல ஒரு சின்னக் கட்டம். அது என்னன்னு எழுதலை. எழுதணுமா என்ன? பம்ப்செட் ரூம்.

படத்தை அப்படியே மடிச்சு வச்சுட்டேன் தங்கச்சி. எதை மறக்கணும்னு மாத்திரை குடுக்கிறோமோ, அதை நடுவீட்டுல கொண்டாந்து வைக்கிறேங்கிறாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இருபதடி கிடையாது. அந்தக் கட்டம் வர்றதுக்கு முன்னாடியே பலகை முடிஞ்சுரணும். வேண்டாம்னு சொல்ல முடியாது, சொன்னா மறுபடி சுருண்டு படுத்துக்குவாரு. பலகையில கை வச்சா யாருக்குத் தெரியப் போகுது?

எனக்குப் பலகையைப் பத்தி என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. ஆனா இறங்கிட்டா விட மாட்டேன். முதல்ல பழைய கதவு விக்கிற இடத்துக்குப் போனேன். வீடு இடிச்ச சாமானெல்லாம் கிடக்கும் இல்ல, அங்க. ஏழடிக் கதவு ஒண்ணு, வழவழன்னு, நல்லாத்தான் இருந்துச்சு. ஏழடியோட கதை முடிஞ்சுது, பலகைக்குப் பலகையும் ஆச்சுன்னு நினைச்சேன். தாப்பாள் போட்ட ஓட்டையும், யாரு வந்திருக்கான்னு எட்டிப் பார்க்கிற கண்ணும் அதுல அப்படியே இருக்கு. போட்டோ எடுத்துக் காட்டினேன். "கதவு மேல வண்டி ஓட்டச் சொல்றியா?"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. சரி, கதவு இல்ல.

ஆசாரியைக் கேட்டேன். கனகசபைன்னு, எங்க வீட்டுக்கு ஜன்னல் போட்டவரு. அவரு நேர்மையான மனுஷன். அதான் கஷ்டம். "மரத்தூளை அமுக்கிப் பண்ற எம்.டி.எஃப் பலகை வேண்டாம் அக்கா, ஈரம் பட்டா இட்லி மாதிரி உப்பிரும். தனி மரம்னா வெயிலுக்கு முறுக்கிக்கும், வண்டி தடம் விட்டு இறங்கும். நல்ல ப்ளைவுட்டு, பன்னண்டு எம்.எம். எடுங்க. அடியில ரீப்பர் கட்டையை ஒண்ணரை அடிக்கு ஒண்ணு குறுக்கக் குடுத்தா தொய்யாது. ஷீட்டு எட்டுக்கு நாலு வரும். நீளவாக்குல ரெண்டா அறுத்தா ரெண்டு எட்டடி, பதினாறு ஆச்சா? இன்னொரு ஷீட்டுல மிச்சம் நாலடி. இருபதடி சுலபம்"னு கணக்குப் போடுறாரு. நான் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டேன். "தம்பி, எட்டடிக்கு மேல பலகையே கிடையாதுன்னு நீங்க அவருகிட்ட சொல்லணும். ஒட்டுப் போட்டா நிக்காதுன்னு சொல்லணும்"னேன். ஆசாரிக்கு ஒண்ணும் புரியலை. "ஒட்டுப் போடத் தெரியாத ஆசாரின்னு நினைச்சுக்குவாரே அக்கா"ன்னாரு. நினைச்சுக்கட்டும், ஒரு உயிர் விஷயம்னேன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சரின்னாரு.

ப்ளைவுட் கடைக்காரர்கிட்டயும் அதே பாட்டுத்தான். எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே நான் ஒரு நடை போய்ச் சொல்லி வச்சுட்டேன். அந்த மனுஷன் நான் சொன்னதை விட ஒரு படி மேல போய், பத்தடி ஷீட்டெல்லாம் வர்றதை நிறுத்திட்டாங்க சார்னு அடிச்சு விட்டாரு. இவரு ஷீட்டைத் தட்டிப் பார்த்தாரு, ஓரத்துல எத்தனை அடுக்கு இருக்குன்னு எண்ணினாரு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு கோணல் இருக்கான்னு பார்த்தாரு. அப்புறம் நிதானமாக் கேட்டாரு: "ஏங்க, தண்டவாளமே ஒட்டுத்தானே? தண்டவாளத்துல ஒட்டுப் போட்டுத்தானே அம்புட்டு வண்டியும் ஓடுது. பலகையில நிக்காதா?" கடைக்காரர் என்னைப் பார்க்கிறாரு, ஆசாரி கூரையைப் பார்க்கிறாரு. நான்தான் முந்திக்கிட்டு, "அது இரும்பு, இது மரம், தெரிஞ்சவங்க சொல்றாங்க இல்ல"ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். "சரி, எட்டடியே இருக்கட்டும்"னுட்டாரு.

அறுத்த இன்னொரு எட்டடியை என்ன பண்ணினேன்னு கேக்குறீங்களா? வீட்டுக்குக் கொண்டு போனா ஒட்டச் சொல்லுவாரே. கோயில்ல கிறிஸ்துமஸ் குடிலுக்கு வச்சுக்கோங்கன்னு குடுத்துட்டேன். பொய் சொன்னதுக்கு ஒரு பரிகாரமா இருக்கட்டும்னு. அவங்க அதைத் துண்டு துண்டா நறுக்கி மலையும் மாட்டுக்கொட்டிலும் பண்ணிட்டாங்க.

பலகை ஹாலுக்கு வந்துச்சு. நாலு கால் போட்டு, பெயின்ட் அடிச்சு, தண்டவாளம் பதிச்சாரு. ரசமட்டம் வச்சு வச்சுப் பார்ப்பாரு, கால் அடியில அட்டையைச் சொருகுவாரு, எடுப்பாரு. ஒரு மாசம் நான் அந்தப் பக்கம் போகவே இல்ல. எனக்கு அதைப் பார்த்தாலே ஒரு மாதிரி. சாப்பாட்டுத் தட்டைக் கதவுகிட்ட வச்சுட்டு வந்துருவேன். ஆனா அங்க இருந்து என்ன சத்தம் வந்துச்சு தெரியுமா? "டிஸ்டன்ட் கிரீன்!"

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. எத்தனை மாசம் கழிச்சு! அடுப்படியில இருந்தே நானும் "டிஸ்டன்ட் கிரீன்"னு கத்தினேன். அசிஸ்டென்ட் திருப்பிச் சொல்லணும் இல்ல? கொஞ்ச நேரத்துல "ஹோம் கிரீன்!" நானும் "ஹோம் கிரீன்!" குழம்பைக் கிண்டிக்கிட்டே கிரீன், துணியை அலசிக்கிட்டே கிரீன். அவரு குரல் ஒவ்வொரு நாளும் கூடிக்கிட்டே போச்சு. டாக்டருக்கு போன் பண்ணி, ஆளு தேறிட்டாரு சார்னு சொன்னேன். எட்டடியில நிறுத்தினது நான்தான்னு என் முதுகை நானே தட்டிக்கிட்டேன். இப்படி ரெண்டு வாரம் போச்சு.

போன திங்கக்கிழமை காலையில பயறு புடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு கிரீன் கேட்டுச்சு, நான் பதில் சொன்னேன். மறுபடி கிரீன். மறுபடி. எப்பவும் அப்படித்தான், ஆனா அன்னைக்கு என்னமோ எண்ணிப் பார்த்தேன். பத்து மணிக்குள்ள இருபத்திமூணு தடவை. அதே ரெண்டு சிக்னலு. அதே வரிசை. ரெண்டாவது சிக்னலுக்கு அப்புறம் ஒரு பேச்சும் இல்ல. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அப்புறம் முதல்ல இருந்து. எனக்குச் சுருக்குன்னுச்சு. முறத்தை வச்சுட்டு எந்திரிச்சுப் போனேன்.

போய்ப் பார்த்தா, பலகையோட கடைசியில பம்ப்செட் ரூம் இருக்கு. தீப்பெட்டி அட்டையில கட்டி, வெள்ளையடிச்சு, கதவுகூட வச்சிருக்காரு. அதுக்கு முன்னாடி தண்டவாளத்துல ஒரு சைக்கிள். ஒயரைப் பிரிச்சு, உள்ள இருக்கிற செம்புக் கம்பியில பண்ணினது. அரிசி நீளத்துக்குத்தான் இருக்கும். பக்கத்துல ஆளு.

நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவரு என்னைப் பார்க்கலை. வண்டி வருது. கையை நீட்டி "ஹோம் கிரீன்"ங்கிறாரு. நான் வாயைத் திறக்கலை. வண்டி வளைவுல திரும்பிச்சு. உடனே வேகத்தைக் குறைக்கிற குமிழைத் திருக ஆரம்பிச்சாரு. கொஞ்சம் கொஞ்சமா, உதட்டுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே. வண்டி வேகம் குறையுது, குறையுது. ஆனா நிக்கலை. போய் அந்தச் சைக்கிள் மேல ஏறிருச்சு. வண்டியைப் பின்னால எடுத்தாரு. விழுந்த சைக்கிளை ஊசியால நிமித்தி வச்சாரு. ஆளையும் நிமித்தி வச்சாரு. மறுபடி கையை நீட்டுறாரு.

ரெண்டு வாரமா இதுக்குத்தான் நான் அடுப்படியில நின்னு கிரீன் கிரீன்னு கத்தியிருக்கேன்.

"சின்ன வண்டிதானே, பட்டுன்னு நிறுத்த வேண்டியதுதானே!"ன்னு அலறிட்டேன். அவரு நிமிர்ந்து பார்த்தாரு. கோபமே இல்ல. "அப்படி நிறுத்தினா அது ஏமாத்து பிலோ. நெச வண்டி எப்படி நிக்குமோ அப்படித்தான் நிறுத்தணும்"னாரு. அப்புறம் பலகையைத் தடவிக்கிட்டே சொன்னாரு: "இந்த எட்டடிங்கிறது நெசத்துல முந்நூத்தித் தொண்ணூறு மீட்டர். அன்னைக்கு வளைவுல திரும்பினப்ப எனக்கும் அவனுக்கும் நடுவுல இருந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். நீ எப்படித்தான் அளந்தியோ, சரியா அளந்து வாங்கியிருக்க. அந்த வேகத்துல வந்தா வண்டி நிக்க கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வேணும். இருபதடி குடுத்திருந்தா நான் நிறுத்திருப்பேன்."

அந்த இடம் வரக் கூடாதுன்னுதானே எட்டடியில வெட்டினேன். வேற ஒண்ணும் நினைக்கலையே. அவனை அவரு ஒரு தடவையாவது காப்பாத்திப் பார்க்கணும்னு நினைச்சிருக்காரு. நான் அதுக்கான இடத்தை அறுத்துக் கோயிலுக்குக் குடுத்துட்டு, அடுப்படியில நின்னு சந்தோஷப்பட்டிருக்கேன்.

அதான் கிளம்பிட்டேன். முதல் பலகை எந்த ஷீட்டோ அதே ஷீட்டுதான் வேணும், கனம் ஒரு நூல் மாறினாலும் சேருற இடத்துல படி விழும்னு ஆசாரி சொல்லிட்டாரு. எங்க ஊர்க் கடையில அது தீர்ந்துபோச்சாம். ஸ்டாக் இருந்தாலும் அந்தக் கடைக்காரர் முன்னால போய் நிக்க எனக்கு மூஞ்சி இல்ல. மதுரையில இருக்குன்னாங்க. வாங்கி, அறுத்து, பார்சல் லாரியில போட்டுட்டா நாளைக்கு வந்துரும். அடுப்படிக் கதவைக் கழட்டி வைக்கச் சொல்லிட்டேன். அடுப்பை வேணா பின்கட்டுல வச்சுக்கிறேன். வண்டி வரட்டும். இருபதடி வரட்டும். ஒரு தடவை நின்னுருச்சுன்னா அவரு மனசு ஆறிரும் இல்ல? ஆறிரும்னுதான் நினைக்கிறேன். ஆறலைன்னா என்ன பண்றது? நின்ன பிறகு அந்தக் கம்பிச் சைக்கிளை எடுத்துருவாரா, இல்ல அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரா? அது தெரியலை எனக்கு.

இருங்க, போன் அடிக்குது. அவருதான். இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க.

ஹலோ. ஆங், சொல்லுங்க. பஸ்ஸுலதான் இருக்கேன். சாப்பிட்டீங்களா? ஆசாரி இருக்காரா? சரி. என்னது? கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க. எதுக்கு? சரி. சரிங்க. வாங்கிட்டு வர்றேன். வச்சுடுறேன்.

ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் பேசினாரு. குரல்ல தெம்பு இருக்கு. இருபதடி பத்தாதாம், முப்பதா வாங்கிட்டு வரச் சொல்றாரு. மழை பெஞ்சு தண்டவாளம் நனைஞ்சிருந்தா வண்டி வழுக்கிக்கிட்டே போகுமாம், இன்னும் தூரம் வேணுமாம். படுக்கிற ரூமுக்குள்ள விட்டுக்கலாம்கிறாரு.

அன்னைக்கு மழையே இல்லைங்க. நல்ல வெயிலு. நான் எத்தனை அடி வாங்கட்டும், நீங்களே சொல்லுங்க?